பியூரிஃபையர் வாங்கும் முன் புகையை நிறுத்துங்கள்

வேளச்சேரியில் மூன்றாம் மாடி ஃபிளாட். ஐந்து வயதுக் குழந்தைக்கு மழைக்காலம் தொடங்கியதிலிருந்து இரவில் இருமல், அடிக்கடி இளைப்பு. முப்பதாயிரம் ரூபாய்க்குள் எந்த ஏர் பியூரிஃபையர் வாங்கலாம், அல்லது மணி பிளான்ட் போல நான்கைந்து செடிகள் வைத்தாலே போதுமா என்பது உங்கள் கேள்வி. ஆனால் கேள்விக்கு நடுவே, போகிற போக்கில், வேறு சிலவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். இரவில் படுக்கையறையில் கொசுவத்திச் சுருள் வைக்கிறீர்கள். ஜன்னலைச் சாத்திவிட்டு ஏசி போடுகிறீர்கள். செவ்வாயும் வெள்ளியும் வீடு முழுக்கச் சாம்பிராணி. சமையலறையில் சிம்னி இருக்கிறது, சத்தம் அதிகம் என்பதால் போடுவதில்லை. இந்த நான்கு வரிகளில்தான் உங்களுக்கான பதில் இருக்கிறது. எந்த இயந்திரம் வாங்குவது என்பதைவிட, குழந்தை இரவு முழுவதும் என்ன சுவாசிக்கிறது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் கட்டடங்களின் காற்றோட்டத்தை வடிவமைக்கும் பொறியாளர். வீடுகளிலும் அலுவலகங்களிலும் மீட்டர் வைத்து அளப்பது என் அன்றாட வேலை. மருத்துவர் அல்ல. குழந்தையின் இளைப்பை எது தூண்டுகிறது என்பதைப் பரிசோதிக்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அறையின் காற்றில் என்ன சேருகிறது, அதை எப்படிக் குறைப்பது என்பது என் எல்லை. அதற்குள் நின்று பேசுகிறேன்.

கொசுவத்தியிலிருந்து தொடங்குகிறேன். சுருளில் மருந்து இருப்பது மிகச் சிறிய அளவுதான். மீதியெல்லாம் மரத்தூள், தேங்காய் ஓட்டுத்தூள் போன்றவை. அந்தத் தூள் எட்டு மணி நேரம் கனன்றுகொண்டிருப்பதற்காகவே சுருள் அப்படிச் செய்யப்படுகிறது. சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களைச் சோதித்து 2003இல் ஓர் ஆய்வு வெளியானது. ஒரு சுருள் முழுவதும் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள், அதாவது மூச்சோடு நுரையீரலுக்குள் போகும் கண்ணுக்குத் தெரியாத துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் நுண்துகளுக்குச் சமம் என்று அது கண்டது. உங்கள் வீட்டுச் சுருளுக்கு இதே எண் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். ஆனால் கதவும் ஜன்னலும் சாத்திய அறையில் சுருள் கொளுத்திவைத்து அளந்த எந்த இடத்திலும் நுண்துகளை அளக்கும் மீட்டர் எனக்கு நல்ல எண்ணைக் காட்டியதில்லை. பத்து நிமிடத்தில் எண் இரண்டு இலக்கத்திலிருந்து மூன்று இலக்கத்துக்குத் தாவி, விடியும்வரை இறங்காமல் நிற்கும். இளைப்புள்ள குழந்தை படுக்கும் அறையில் இதை ஒரு நாள்கூட வைக்கக்கூடாது. இந்தப் பதிலில் எனக்கு மிக உறுதியாகத் தெரிந்தது இதுதான், மற்றவற்றைச் செய்ய முடியாவிட்டாலும் இதை மட்டும் இன்றிரவே செய்துவிடுங்கள்.

அதற்காகக் கொசுவை விட்டுவிட முடியாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையில் டெங்கு எப்படிப் பரவுகிறது என்று உங்களுக்கே தெரியும். கட்டிலின் மேல் கட்டும் கொசுவலைக்கு இணையாக வேறெதையும் நான் பார்க்கவில்லை. ஜன்னல்களுக்கு வலை அடித்துவிட்டால் இரட்டைப் பயன்: கொசுவுக்குப் பயந்து மாலை ஐந்து மணிக்கே ஜன்னலைச் சாத்த வேண்டியதில்லை. வெல்குரோ ஒட்டி மாட்டும் வலை விலை குறைவு, ஆனால் ஓரம் பிரிந்துகொள்ளும். அலுமினியச் சட்டத்தில் பொருத்தும் நகரும் வலைக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்தால் பல வருடம் நிற்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, அதனால் ஜன்னல் வலை பகலுக்கும் வேண்டும். பிளக்கில் செருகும் திரவ மருந்தில் புகை கிடையாது, அந்த வகையில் சுருளைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் அது பூச்சிக்கொல்லியைக் காற்றில் ஆவியாக்கும் கருவி. வலை மாட்டிய பிறகு அதன் தேவை தானாகக் குறைந்துவிடும்.

சாம்பிராணியைப் பற்றிப் பேசத் தயக்கமாகத்தான் இருக்கிறது. அது வெறும் வாசனைப் பொருள் இல்லை. பிள்ளை பெற்ற வீட்டில் குளிப்பாட்டிய குழந்தைக்குத் தலைகாயச் சாம்பிராணி காட்டுவதைப் பாட்டிமார்கள் எவ்வளவு பரிவோடு செய்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் நுரையீரலுக்கு வாசனைப் புகை வேறு, விறகுப் புகை வேறு என்று தெரியாது. எரிந்து எழும் எந்தப் புகையிலும் நுண்துகள் உண்டு. தணலில் தூவும் சாம்பிராணியும் சரி, கடையில் விற்கும் கப் சாம்பிராணியும் சரி, ஊதுபத்தியும் சரி. கப் சாம்பிராணியில் அந்தக் கப்பே கரித்தூளும் மரத்தூளும்தான், அதுவும் சேர்ந்தே எரிகிறது. முற்றமும், கூரைக்கருகே வென்டிலேட்டரும், ஓட்டு இடுக்குகளும் இருந்த வீடுகளில் புகை மேலே எழுந்து போய்விடும். நம் ஃபிளாட்டுகளில் கட்டடக்காரர்கள் வென்டிலேட்டரையே விட்டுவிட்டார்கள், புகை கூரையடியில் தங்கிப் படிப்படியாகக் கீழே இறங்கும். வழக்கத்தை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பூஜையறையில் ஒரு சிட்டிகை, எதிரெதிர் ஜன்னல்கள் திறந்திருக்க, குழந்தை மாடியிலோ கீழே விளையாட்டிடத்திலோ இருக்கும் நேரத்தில் காட்டுங்கள். படுக்கையறைக்குத் தணலைக் கொண்டுபோக வேண்டாம். ஊதுபத்தியை நிறுத்திவிட்டுப் பூவும் விளக்கும் மட்டும் வைத்துக்கொண்ட குடும்பங்கள் பலவற்றை எனக்குத் தெரியும்.

சமையலறைக்கு வருவோம். கேஸ் அடுப்பு சுத்தமானது என்பது விறகோடு ஒப்பிட்டால் முழு உண்மை. ஆனால் அதன் நீலச் சுடரும் நைட்ரஜன் டை ஆக்சைடை வெளிவிடுகிறது. அதைக் கண்ணால் பார்க்க முடியாது, வீட்டில் இருக்கும் அளவில் மணமும் தெரியாது. இதற்கும் குழந்தைகளின் ஆஸ்துமாவுக்கும் எவ்வளவு தொடர்பு என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 2013இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 41 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கேஸ் அடுப்புள்ள வீட்டுக் குழந்தைகளுக்கு ஆஸ்துமா இருக்கும் வாய்ப்பு 42 சதவீதம் அதிகம் என்றது. அதே ஆண்டு, பல நாடுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கொண்ட இன்னொரு ஆய்வு அப்படியொரு தொடர்பே தெரியவில்லை என்றது. எனவே அடுப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நம் சமையலில் அடுப்பைவிட வாணலிதான் பெரிய விஷயம். காய்ந்த எண்ணெயில் மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளிக்கும்போது வீடே இருமுகிறதே, அந்த நெடியோடு கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துகள்களும் கிளம்புகின்றன. அப்பளம், வடை, மீன் வறுவல் எல்லாம் அப்படியே. மீட்டரைக் கூடத்தில் வைத்திருந்தால்கூட இரண்டு மூன்று நிமிடத்தில் எண் ஏறுவதைப் பார்க்கலாம்.

சிம்னியைப் போடுங்கள். அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே போட்டு, சமையல் முடிந்த பிறகும் பத்து, பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். சத்தம் அதிகம் என்று நீங்கள் சொல்வது எனக்கு வேறொன்றைச் சொல்கிறது. பெரும்பாலும் மோட்டாரில் கோளாறு இருக்காது. காற்று போக வழியில்லாமல் திணறும் சிம்னிதான் அப்படிக் கத்தும். வெளியே போகும் குழாய் எத்தனை இடத்தில் திரும்புகிறது என்று பாருங்கள். இரண்டு திருப்பத்துக்கு மேல் போனால் இழுவை வெகுவாகக் குறையும். சுவருக்கு வெளியே குழாய் முடியும் இடத்தில் பறவை வராமல் இருக்க ஒரு வலை வைத்திருப்பார்கள், அது எண்ணெய்ப் பிசுக்கில் அடைத்திருக்கும். வெந்நீரும் சோப்பும் போட்டு அதைக் கழுவினாலே சத்தம் குறைந்துவிடும் வீடுகள் நிறைய. இன்னொன்றையும் உறுதி செய்துகொள்ளுங்கள்: குழாயே இல்லாமல், கரி ஃபில்டர் வழியாக இழுத்த காற்றைத் திரும்பச் சமையலறைக்கே விடும் சிம்னிகளும் உண்டு. அவை பிசுக்கையும் மணத்தையும் ஓரளவு பிடிக்கும். வாயுவையும் ஈரத்தையும் வெளியேற்றாது. உங்களுடையது அந்த வகையானால் ஒரு சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன் அதைவிட நல்லது.

எக்ஸாஸ்ட் ஃபேன் ஒழுங்காக இழுக்கிறதா என்று பார்க்க மீட்டர் வேண்டாம், ஒரு டிஷ்யூ காகிதம் போதும். ஃபேனை ஓடவிட்டுச் சமையலறை வாசலில் காகிதத்தைத் தொங்கவிட்டுப் பிடியுங்கள். அது உள்பக்கமாகச் சாய்ந்தால் வீட்டின் காற்று சமையலறைக்குள் வந்து வெளியே போகிறது என்று பொருள், தாளிப்பு நெடி கூடத்துக்கு வராது. தொங்கியபடியே இருந்தால், அநேகமாக ஃபேனுக்குப் பக்கத்திலேயே ஒரு ஜன்னல் திறந்திருக்கும். அந்த ஜன்னல் வழியாக வந்த காற்றையே ஃபேன் இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், அடுப்புப் புகை இருந்த இடத்திலேயே இருக்கும். பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டுக் கூடத்து ஜன்னலைத் திறந்து, மறுபடி காகிதத்தைப் பிடித்துப் பாருங்கள்.

இப்போது படுக்கையறை. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருகிறது என்று படித்தவர்களிடம்கூட ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது அறைக் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது, அவ்வளவுதான். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் கதவைச் சாத்திப் படுத்தால், வெளியே ஏறத்தாழ 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) இருக்கும் கார்பன் டை ஆக்சைடு உள்ளே விடிவதற்குள் இரண்டாயிரத்தைத் தாண்டிவிடும். அந்த அளவு விஷமல்ல. அது சிந்தனையையும் தூக்கத்தையும் எவ்வளவு பாதிக்கிறது என்பது இன்னும் தீராத விவாதம். எனக்கு அந்த எண் ஓர் அடையாளம் மட்டுமே: ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுத்துக்கொண்டிருக்கிறார், அறையில் சேர்ந்தது எதுவும் வெளியேறவில்லை. ஒருவருக்குச் சளி என்றால் மூவருக்கும் வர இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. தீர்வு சிறியது. அறையோடு சேர்ந்த குளியலறையின் கதவை இரண்டு விரல் திறந்துவைத்து, அதன் எக்ஸாஸ்ட் ஃபேனை இரவு ஓடவிடுங்கள். அறைக்கதவுக்கு அடியில் இடைவெளி இருந்தால் கூடத்துக் காற்று உள்ளே வரும், அதற்காகக் கூடத்தில் வலை போட்ட ஒரு ஜன்னல் சற்றே திறந்திருக்கட்டும். கரண்ட் பில் கொஞ்சம் கூடும், ஏற்க வேண்டிய செலவுதான் அது. ஏசியை நிறுத்தச் சொல்லவில்லை. சென்னையின் புழுக்கத்தில் அது ஈரத்தை இழுத்துவிடுவது நன்மையே. இன்டோர் யூனிட்டின் மூடியைத் திறந்து, அந்த வலை ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயடியில் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள்.

மழைக்காலத்தில் தொடங்கிய இருமல் என்று எழுதியிருப்பதால் ஒன்றைக் கேட்கிறேன். படுக்கையறையின் கிழக்கு அல்லது வடக்குச் சுவரை ஒட்டிப் பீரோவோ கட்டிலோ இருக்கிறதா? வடகிழக்குச் சாரல் அடிப்பது அந்தச் சுவர்களில்தான். பீரோவை ஒரு முறை நகர்த்திப் பாருங்கள். சுவரில் கறுப்புப் புள்ளிகள், துணியில் ஈர வாடை இருந்தால் அது பூஞ்சை. உப்புப் பூத்தது போன்ற உதிர்வு இருந்தால் சுவருக்குள் ஈரம் இறங்கியிருக்கிறது. மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து இறங்கும் கசிவும் இப்படிக் காட்டும். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் இளைப்பும் அதிகம் என்பதில் சான்றுகள் வலுவானவை, உலக சுகாதார நிறுவனம் 2009இல் இதற்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. மேலே பெயின்ட் அடித்து மறைத்தால் அடுத்த மழையில் திரும்ப வரும். கசிவை அடைத்து, சுவரைக் காயவிட்டு, பிறகுதான் பூச வேண்டும். பீரோவுக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் விடுங்கள். ஈரத்துணியைப் படுக்கையறையில் கொடி கட்டிக் காயப்போடாதீர்கள். தலையணையிலும் மெத்தையிலும் வாழும் தூசி உண்ணிக்கும் இந்த ஈரம்தான் வேண்டும். உறைகளை வாரம் ஒருமுறை நல்ல சூட்டுடன் கூடிய வெந்நீரில் துவையுங்கள். வெயிலில் போடுவது உண்ணிகளைக் குறைக்கும், ஆனால் ஒவ்வாமையைத் தருவது அவற்றின் எச்சம், அது துவைத்தால்தான் போகும். குழந்தையின் பஞ்சுப் பொம்மைகளுக்கும் இதே கணக்கு.

செடி போதுமா என்று கேட்டீர்கள். போதாது. 1989இல் நாசா செய்த சோதனையைக் காட்டித்தான் நர்சரிகளில் விற்கிறார்கள். அது காற்றுப் புகாத சிறிய பெட்டிகளுக்குள் நடந்த சோதனை. அப்படிப்பட்ட சோதனைகள் எல்லாவற்றையும் தொகுத்து 2019இல் கணக்கிட்டவர்கள், சாதாரணக் கட்டடத்தில் இயல்பாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் தரைக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை வேண்டும் என்று கண்டார்கள். அழகுக்கு வையுங்கள், பால்கனியில் வையுங்கள். படுக்கையறையில் தொட்டிமண் ஈரத்தைக் கூட்டும், தொட்டித் தட்டில் நிற்கும் தண்ணீரில் ஏடிஸ் முட்டையிடும்.

பியூரிஃபையர் வேண்டாமா என்றால், மேற்சொன்னவற்றை முடித்துவிட்டு வாங்குங்கள் என்பேன். நுண்ணிய துகளையும் பிடிக்கும் ஹெபா என்ற வகை ஃபில்டர், நல்லதாக இருந்தால், அறையின் நுண்துகளைக் குறைக்கிறது, அதில் சந்தேகம் இல்லை. அதனால் குழந்தையின் இளைப்பு குறையுமா என்பதில் முடிவுகள் கலவையானவை. சிலருக்கு அறிகுறிகள் கொஞ்சம் குறைகின்றன, சிலருக்கு மாற்றமே இல்லை. காற்றைச் சுத்தமாக்கினால் உடல்நலம் உடனே மேம்பட்டுவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்பதை நம் மாநிலமே பங்கெடுத்த ஒரு பெரிய ஆய்வு எனக்குக் கற்றுத்தந்தது. தமிழ்நாடு, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு இடங்களில் ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிகளில் ஒரு பாதியினருக்கு விறகடுப்புக்குப் பதில் கேஸ் அடுப்பும் எரிவாயுவும் இலவசமாகக் கொடுத்தார்கள். விறகடுப்பிலேயே தொடர்ந்தவர்கள் சுவாசித்த நுண்துகள் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 70.7 மைக்ரோகிராம் என்றால், கேஸ் பெற்றவர்கள் சுவாசித்தது 23.9தான். ஆனால் 2022இல் வெளியான முடிவில், பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. புகை தீங்கில்லாதது என்று இதற்குப் பொருள் கிடையாது. எவ்வளவு குறைத்தால், எப்போதிலிருந்து குறைத்தால், எந்த நன்மை கிடைக்கும் என்பது நாம் நினைத்ததைவிடச் சிக்கலானது என்பதே பொருள். ஆகவே கடைக்காரர் ஆஸ்துமா போய்விடும் என்று உறுதி சொன்னால் அங்கே வாங்காதீர்கள்.

வாங்கும்போது விளம்பரத்தில் போட்டிருக்கும் சதுர அடியைப் பார்க்காமல் சி.ஏ.டி.ஆர். என்ற எண்ணைப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்று தரும் என்பது அது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்றால் ஏறத்தாழ 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று சுத்தமாக வேண்டுமானால் 170 வேண்டும். ஆனால் அந்த எண் முழு வேகத்தில் அளந்தது, அந்த இரைச்சலில் யாரும் தூங்க முடியாது. எனவே 300க்கு மேல் உள்ளதை வாங்கி நடு வேகத்தில் ஓடவிடுங்கள். இதற்கு முப்பதாயிரம் தேவையே இல்லை. அயனி, பிளாஸ்மா, ஓசோன் என்று எது எழுதியிருந்தாலும் அந்த வசதி இல்லாததைத் தேர்ந்தெடுங்கள், இருந்தால் அணைத்துவையுங்கள். ஓசோன் இளைப்புள்ளவர்களின் மூச்சுக்குழாயை நேரடியாக உறுத்தும். மாற்று ஃபில்டரின் விலையை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஹெபா துகளை மட்டுமே பிடிக்கும், அடுப்பின் வாயுவையோ கார்பன் டை ஆக்சைடையோ அது தொடாது. அதனால் இயந்திரம் வந்த பிறகும் காற்றோட்டம் வேண்டும்.

ஜன்னலை எப்போதும் திறந்துவைப்பதும் சரியல்ல. டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் புகை தாழ்ந்து நிற்கும். போகிப் பண்டிகைக் காலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைக்கிடங்கு பற்றி எரிந்த நாட்களில் உங்கள் பகுதியில் ஜன்னலைச் சாத்தி வைப்பதுதான் புத்தி, பியூரிஃபையர் தன் விலையை நியாயப்படுத்துவதும் அப்படிப்பட்ட நாட்களில்தான். சாதாரண நாளில் கடற்காற்று உள்ளே வரும் பிற்பகலில் எல்லா ஜன்னல்களையும் திறந்து வீட்டை முழுக்க ஒருமுறை காற்றாட விடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க எண் வேண்டுமென்றால், பிஎம் 2.5 எனப்படும் இந்த நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரி 15 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது, இந்தியாவின் வரம்பு 60. மலிவான மீட்டர் வாங்கினால் அதன் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். காற்றில் ஈரம் மிகுந்தால் அது கூட்டிக் காட்டும், நம் கடற்கரை ஊர்களில் இது அடிக்கடி நடக்கும். ஆனால் சுருள் வைத்த இரவையும் வைக்காத இரவையும், சிம்னி போட்ட சமையலையும் போடாத சமையலையும் ஒப்பிட அது நன்றாகவே உதவும். கார்பன் டை ஆக்சைடு மீட்டர் என்றால் அகச்சிவப்பு முறையில் அளப்பதா என்று கேட்டு வாங்குங்கள், விலை மலிந்த பலவற்றில் அந்த வாயுவை அளக்கும் சென்ஸாரே கிடையாது, வேறு வாயுக்களை வைத்து ஊகித்துக் காட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று. குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால், அதுவும் அந்த அறைக்கு உள்ளேயே பொருத்தப்பட்டிருந்தால், இந்தப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் முன்னால் அதைக் கவனியுங்கள். கதவு சாத்திய சிறிய அறையில் அது உண்டாக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, சில நிமிடத்தில் ஆளை மயக்கிக் கொன்றுவிடும். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று சமாதானம் கொள்ளாமல் அதை வெளியே மாற்றுங்கள், அல்லது மின்சாரக் கீசர் வாங்குங்கள்.

பணத்தை எப்படிப் பிரிப்பது என்றால், ஜன்னல் வலைகளுக்கும் கொசுவலைக்கும் முதலில், சிம்னிக் குழாயைச் சரிசெய்ய அடுத்து, கசிவு இருந்தால் அதற்கு, மீதமிருப்பதில் பியூரிஃபையர். இந்த மாற்றங்களைச் செய்த பிறகு இரவு இருமல் குறைந்தாலும் மருத்துவர் கொடுத்த இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எந்த நாளில் சுருளை விட்டீர்கள், எந்த நாளில் பீரோவை நகர்த்தினீர்கள், எந்தெந்த இரவில் இருமல் வந்தது என்று ஒரு காலண்டரில் குறித்துவைத்து, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது எடுத்துப் போங்கள். மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுக்க அவருக்கு அது உதவும்.